ஒரு வாய் கேக்

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டுமுங்க, ஆரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்க. இப்படி ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க. அந்த ஜன்னல் தொறந்தே இருக்கட்டும், சாத்துனா இந்த ரூமுல மனுசன் இருக்க முடியாது. போன்ல பேசுனது நீங்கதானுங்களே? பாப்பாவுக்கு மொதப் பொறந்தநாளு, எங்க புள்ளைங்களுக்கு ஒரு வேளச் சோறு போடோணும்னு சொன்னீங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு. பல்லடத்துல பனியன் கம்பெனி வெச்சிருக்கறவங்கள்ல பாதிப் பேரு நம்ம சிறப்புப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு போட்டவங்கதான். நாந்தான் மேனேஜர் நாச்சிமுத்து. முன்னால நூல் மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தேன். ரிடையர் ஆனப்பறம் இங்க வந்துட்டேன்.

டீ சொல்லியிருக்கறேன். கேக் ஒரு துண்டு எடுத்துக்கங்க, காலையில ஒரு வீட்டுக்காரங்க வந்து வெட்டுனது. வேண்டாமுங்களா? சரி, வேண்டாம்னா வேண்டாம். நான் ஆரையும் வற்புறுத்தறதில்லீங்க.

போட்டோ எடுக்க உடுவாங்களான்னு வீட்ல கேக்கச் சொன்னாங்களா? தாராளமா எடுக்கலாமுங்க. செவுத்தப் பாருங்க, அத்தனையும் நம்ம ஏற்பாடுதான். கேக் வெட்டோணும், புள்ளைங்க வரிசையா நின்னு பாட்டுப் பாடோணும், அப்பறம் ஒரு புள்ளைக்கு மொத வாய் ஊட்டோணும், அதுல ஒரு போட்டோ. அது முடிஞ்சாத்தான் எல போடறது. எல்லாப் போட்டோவுலயும் ஒரே பொண்ணு நிக்குதேன்னு பாக்கறீங்களா? அது பூவிகா. மூஞ்சி லட்சணமா இருக்கும், வாய் ஒழுகாது. மத்த புள்ளைங்கள முன்னால நிறுத்துனா வர்றவங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமுங்க. காசு போட்டுச் சோறு போடறாங்க, அவங்க மனசு கோணாமப் பாக்கோணுமில்ல.

அதுங்களா? அது சர்டிபிகேட்டு. கண்ணாடி போட்டு என்ற தலைக்கு நேரா மாட்டிப்போட்டாங்க, எங்க செயலாளரம்மா. நானா மாட்டலீங்க. நான் அந்தப் பக்கம் தலையே தூக்கறதில்ல. என்ன போட்டிருக்குதுன்னு படிங்க. சிறப்புப் பள்ளி மேலாளர்களுக்கான திறன் மேம்பாட்டுப் பயிற்சி. திறன் மேம்பாடு. கருமம். ஏற்காட்டுல நடந்துதுங்க. ஒரு மனுசன எந்த அளவுக்கு அசிங்கப்படுத்தலாமோ அந்த அளவுக்கு அசிங்கப்படுத்திப்போட்டு, கையில இந்தக் காயிதத்தையும் குடுத்து அனுப்பிச்சாங்க.

வெளிய பெஞ்சுல ஒரு பொம்பள, மடியில டிபன் டப்பாவ வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குது, பாத்தீங்களா? பக்கத்துல இருக்கற பொண்ணுதானுங்க பூவிகா. அடையாளம் தெரியலியா? எளைச்சுப்போச்சு. அது அவங்கம்மா சுகந்தாமணி, கம்பெனில செக்கிங் வேல. டி.சி. வாங்கிட்டுப் போறதுக்கு வந்திருக்குது. எழுதி முடிச்சாச்சு, இதா டேபிள் மேல இருக்குது, கையெழுத்துதான் பாக்கி. போட்டுக் குடுத்தா எனக்கென்னங்க, கஷ்டம் அதுக்குத்தான். இந்தச் சுத்துவட்டாரத்துல வேன் அனுப்பி இந்த மாதிரிப் புள்ளைங்களக் கூட்டிட்டு வர்றது நாம ஒருத்தர்தான். இங்கிருந்து நிறுத்திப்போட்டா ஒண்ணு அது வேலைய உடோணும், இல்ல பொண்ண உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போகோணும். சொல்லிப் பாத்தாச்சு, கேக்கறதில்ல. இருக்கட்டும், சித்த நேரம் காத்திருக்கட்டும். மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே நாயம் சொல்லுங்க.

இந்தப் பூவிகாவுக்குப் பேச்சு வராதுங்க. காது நல்லாக் கேக்கும், சொன்னது புரியும், பேச்சுதான் இல்ல. வந்த புதுசுல தங்கமான புள்ள. கேக்கைக் காட்டுனா வாயத் தொறக்கும், போட்டோக்காரன் இங்க பாருன்னா பாக்கும். போட்டோவுக்கு இது நல்லா வரும்னு கண்டுபுடிச்சதே நாந்தானுங்க. காலண்டர்ல போட்டோம், நோட்டீஸ்ல போட்டோம். முகூர்த்த நாள்னா காலையில ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடுன்னு வந்துருவாங்க. ரெண்டு கேக்கு. ரெண்டுக்கும் இதத்தான் நிறுத்துவோம். ஆரு வந்தாலும் அந்தக் காலண்டர்ல இருக்கற பொண்ணு எங்கன்னுதான் கேப்பாங்க.

அப்பறம் அதுக்கு என்ன வந்துச்சோ தெரியலீங்க. கேக்கைப் பாத்தா ஒதட்ட இறுக்கி மூடிக்கும். மூஞ்சியத் திருப்பிக்கும். பலூன் ஊதறதப் பாத்தாலே டேபிளுக்கு அடியில போய் ஒக்காந்துக்கும். அலும்பு, வேறென்ன? பேரு கெட்டுப்போகக்கூடாதுன்னு நாங்க தூக்கியாந்து நிறுத்துவோம்.

ஒரு நாள் ஜவுளிக்கடைக்காரரு சம்சாரம் வந்திருந்தாங்க, பேரனுக்குக் காது குத்துன விசேசம். நமக்கு ஃபிரிட்ஜு வாங்கிக் குடுத்தவங்க. பட்டுச்சேலை, கை நெறைய மோதரம், நல்ல பாசமான அம்மா. ஊட்ட வந்தாங்க, இது வாயத் தொறக்கல. அவங்களும் ஆசையா வந்தவங்க இல்லீங்களா, ஒதட்டுல வெச்சு அழுத்திப் பாத்தாங்க. வெரலக் கடிச்சுப்போடுச்சுங்க. அவங்க போட்ட சத்தத்துல மத்த புள்ளைங்க எல்லாம் அழுக ஆரம்பிச்சு, பாட்டும் போச்சு, சோறும் ஆறிப்போச்சு. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. ஊட்ட வந்த கையப் போய் ஒரு புள்ள கடிக்குமுங்களா? அன்னிக்கு அந்தம்மா முன்னால நான் கை கட்டி நின்னது இருக்குதே, மில்லு மொதலாளி முன்னாலகூட அப்படி நின்னதில்லீங்க.

அதுக்கப்பறம் நான் ஒரு ஏற்பாடு பண்ணேன். ஆயா சரசுவப் பின்னால நிக்கச் சொல்லி, தாடையப் புடிச்சுக்கச் சொன்னேன். லேசாத்தானுங்க. கை போட்டோவுல உழுகாத மாதிரி நிக்கச் சொல்லியிருந்தேன். டெய்சி டீச்சருக்கு அது புடிக்கல, மொணமொணன்னாங்க. டீச்சருங்க வேல வகுப்போட சரி, ஆபீஸ் விசயத்துல தலையிட வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். ஒரு நாள் சரசு சரியா நிக்காம, கை போட்டோவுல தெரிஞ்சுபோச்சு. வந்தவங்க அத வாட்ஸப்புல போட, அது சுத்திச் சுத்தி இந்தச் சுகந்தாமணி கைக்கே வந்துருச்சு. செக்கிங்கு டேபிள்ல இருந்து அப்படியே பஸ் ஏறி வந்து நின்னுது.

சத்தமெல்லாம் போடலீங்க. போட்டோவைக் காட்டி, இந்தக் கை ஆரு கைன்னு கேட்டுது. சொன்னேன். போன என்ற டேபிள் மேல வெச்சுது.

"வாயத் தொறக்கலீன்னா வேண்டாம்னு அர்த்தமுங்க சார். அது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. நம்ம ஆபீஸ்ல நின்னுக்கிட்டு நம்மளையே கேள்வி கேக்குது.

"வேண்டாம்னா வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லச் சொல்லு" ன்னேன்.

சொல்லிப்போட்டேன். கோவத்துல வர்றதுதானுங்க, அதப் போய்ப் பெருசு பண்ணுவாங்களா? அந்தம்மா போன எடுத்துக்கிட்டு நேராச் செயலாளரம்மாகிட்டப் போயிருச்சு. செயலாளரம்மா டாக்டருங்க, வத்சலா டாக்டர், டிரஸ்ட் அவங்க மாமனாரு ஆரம்பிச்சது. என்னையக் கூப்பிட்டாங்க. கணக்கு வழக்குல உங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல, ஆனா சிறப்புப் பள்ளில மேனேஜர்ங்கறது கணக்கு மட்டும் இல்ல, ஏற்காட்டுல ஒரு பயிற்சி இருக்குது போயிட்டு வாங்கன்னாங்க. எனக்கெதுக்குங்க இந்த வயசுலன்னேன். போகலீன்னா வேற ஆளப் பாக்க வேண்டியதா இருக்கும்னு சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

சரி, போவோம், நாலு விசயம் தெரிஞ்சுக்குவோம்னு நானும் மனசத் தேத்திக்கிட்டுப் போனேன். எனக்குக் கேக்கறதுக்கு எத்தன இருந்துது தெரியுமுங்களா? பள்ளிக்கூட வேனுக்கு எப்.சி. காட்டறதுல இருக்கற தொல்ல, ஆயாமாருக்குப் பி.எப். கட்டறது, நன்கொடை ரசீதுக்கு வரி விலக்கு, கவுருமெண்டு மானியம் எந்த மேசையில படுத்துக் கெடக்குதுன்னு கண்டுபுடிக்கறது. இதையெல்லாம் சொல்லித் தர்றதுதானுங்களே மேனேஜருக்குப் பயிற்சி? அங்க போனா, நாற்காலிய வட்டமாப் போட்டு, ஒரு பந்தத் தூக்கிப் போடறாங்க. புடிக்கறவங்க பேரச் சொல்லி, தனக்குப் புடிச்ச மிருகம் மாதிரி சத்தம் போடோணுமாம். அப்பத்தான் கூச்சம் போகுமாம். நான் எனக்கு மிருகம் எதும் புடிக்காதுன்னேன். அப்படீன்னா எருமை மாதிரி கத்துங்கன்னு சொன்னாங்க. கத்துனேன். அறுபது தாண்டுன ஆளு, பேரன் பேத்தி எடுத்தவன், ஏற்காட்டுக் குளுருல நின்னு எருமை மாதிரி கத்துனேன்.

சொல்லிக் குடுத்தது வைஷாலின்னு ஒரு பொண்ணு. என்ற மகளவிடச் சின்னது. நாச்சி அங்கிள், நாச்சி அங்கிள்னு கூப்பிடும். நான் வேன் எப்.சி. பத்திக் கேட்டா, அருமையான கேள்வி அங்கிள், அதப் பார்க்கிங்ல போடுவோம், அப்பறமாப் பாப்போம்னு ஒரு மஞ்சக் காயிதத்துல எழுதிச் செவுத்துல ஒட்டிரும். நான் கேட்டது அத்தனையும் கடைசி வரைக்கும் அந்தச் செவுத்துலயே தொங்கிக்கிட்டிருந்துதுங்க. திரும்பி வர்றப்ப ஒண்ணு ரெண்டு கீழ உழுந்து கெடந்துது, கூட்டற அம்மா கூட்டித் தள்ளிக்கிட்டிருந்தாங்க.

எனக்கு ரூமுல கூட இருந்தவரு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுப் பக்கம் நம்மளாட்ட ஒரு பள்ளிக்கூடத்துல மேனேஜர். வாட்டசாட்டமான ஆளு, நல்ல மனுசன். அவருக்கும் இந்தப் பந்து வெளையாட்டெல்லாம் புடிக்கல. நானும் அவரும் பால்கனில நின்னு திட்டோ திட்டுன்னு திட்டித் தீத்தோம். அங்கயும் பொறந்தநாள் சோறுதானாம், அங்கயும் கேக்குதானாம். ஊட்டற போட்டோவுக்கு அவங்க ஒரு பையன வெச்சிருக்காங்களாம், நல்லாச் சிரிக்குமாம். நாங்க ரெண்டு பேரும் தொழில் நெளிவு சுளிவு நெறையப் பேசிக்கிட்டோம். உண்மையச் சொல்லப்போனா, அந்த ஏற்காட்டுல நான் கத்துக்கிட்டது ஏதாச்சும் உண்டுன்னா அது அர்த்தநாரிகிட்டக் கத்துக்கிட்டதுதான். கேக்குல மேல இருக்கற கிரீமை வழிச்சுட்டு ஊட்டுனா போட்டோவுல மூஞ்சி அழுக்காத் தெரியாதுன்னு அவருதான் சொன்னாரு.

இப்பத்தான் வருதுங்க அந்தக் கருமம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால வைஷாலி வந்து, இன்னிக்கு நீங்கெல்லாம் உங்க பள்ளிக்கூடத்துலயே இருக்கப் போறீங்கன்னு சொல்லுது. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. சில பேரு ஆயா, சில பேரு டீச்சரு, சில பேரு சோறு போட வந்தவங்க, சில பேரு புள்ளைங்க. எனக்குப் புள்ளைன்னு வந்துச்சு. புள்ளைன்னா பேசக்கூடாது. என்ன ஆனாலும் ஒரு வார்த்த பேசக்கூடாதுங்கறதுதான் சட்டம். ரெண்டு கைக்கும் தடியான சாக்ஸ மாட்டி, மணிக்கட்டுல நாடா போட்டுக் கட்டிட்டாங்க. ஒண்ணும் புடிக்க முடியாது, கையக் காட்டியும் ஒண்ணும் சொல்ல முடியாது. தலையில காயிதக் குல்லா. அந்தக் குல்லாவோட ரப்பர் தாடைக்குக் கீழ அறுக்குது, அதச் சொல்லவும் வழியில்ல.

கொண்டாந்து ஒரு மேசைக்கு முன்னால நிறுத்துனாங்க. மேசை மேல கேக்கு. எனக்குச் சக்கர இருக்குதுங்க தம்பி, ரெண்டு வேளையும் மாத்தர. அதில்லாம எனக்கு அந்தக் கிரீமு வாசனையே ஆகாது, வெண்ணெய் கெட்டுப்போன மாதிரி இருக்கும். பாட்டுப் பாடறாங்க. எல்லாரும் கை தட்டறாங்க. அந்தச் சத்தம் காதுக்குள்ள வந்து அடிக்குது. சோறு போட வந்தவரா ஆரு வர்றாருன்னா, நம்ம அர்த்தநாரி. கேக்க எடுத்துக்கிட்டு, செல்லம், கண்ணு, ஆ காட்டு, ஆ காட்டுங்கறாரு. ராத்திரி பால்கனில என்கூட நின்னு திட்டுன மனுசன். நெசமாவே ஆரோ ஒரு பொறந்தநாள் வீட்டுக்காரரு மாதிரியே ஆயிட்டாருங்க, அவ்வளவு பழக்கம்.

நான் வாய மூடிக்கிட்டேன். அவரு ஒரே ஒரு வாய், ஒரே ஒரு வாய்னு கிட்ட வர்றாரு. மூஞ்சியத் திருப்புனேன். அந்தப் பக்கம் ஒருத்தன் போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, இங்க பாருங்க, இங்க பாருங்க, சிரிங்கங்கறான். கண்ணால சொல்லிப் பாத்தேன், தலைய ஆட்டிப் பாத்தேன். ஒருத்தருக்கும் தெரியல. இல்ல, தெரிஞ்சும் அதப் பத்தி ஆருக்கும் கவலையில்ல. பின்னால ஆயாவா நின்ன ஆளு, கரூர்ப் பக்கத்து ஆளுங்க அவரு, பேருகூடத் தெரியாது, பின்னால இருந்து என்ற தாடையப் புடிச்சுட்டாருங்க. லேசாத்தான் புடிச்சாரு. லேசாப் புடிச்சாலும் ஒருத்தன் நம்ம தாடையப் புடிச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. முதுகெல்லாம் வேர்த்துப்போச்சு, அந்தக் குளுருல. கிரீமு மீசையில, மூக்குல, ஒதட்டுல. மூச்சு உடறதுக்கு வாயத் தொறந்தேன், அந்த நேரம் பாத்து உள்ள திணிச்சுட்டாரு.

கடிச்சுப்போட்டேன்.

ஆமாங்க. அர்த்தநாரி வெரல. பல்லுத் தடம் பதியற அளவுக்குக் கடிச்சேன். வேற என்ன பண்றது சொல்லுங்க? பேசக்கூடாது, கையக் கட்டிப்போட்டாச்சு, பின்னால ஒருத்தன் புடிச்சிருக்கறான். ஆரா இருந்தாலும் கடிக்கத்தானுங்க செய்வாங்க. நீங்களா இருந்தாலும் கடிப்பீங்க.

போட்டோ புடிச்சுக்கிட்டிருந்தவன் போனக் கீழ எறக்கிட்டான். அர்த்தநாரி கைய ஒதறிக்கிட்டு, "ஏனுங்க நாச்சிமுத்து, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாமில்லீங்க?" ங்கறாரு.

பாருங்க அநியாயத்த. வாயத் தொறக்கக்கூடாதுன்னு சட்டத்தையும் போட்டுப்போட்டு, சொல்லலாமில்லீங்கன்னா எதுல சொல்றது? ஒரு படிச்ச மனுசன் கேக்கற கேள்வியா அது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்ல. அதுக்கப்பறம் அவரு என்ற பக்கத்துல வரலீங்க, ஆரும் வரல. கடிச்சவன் பக்கத்துல எவன் வருவான்? அதாச்சும் ஒரு மருவாதி மிஞ்சுச்சேன்னு நெனச்சுக்கிட்டேன்.

வைஷாலி வந்து சாக்ஸக் கழட்டி உட்டுது. எல்லாரையும் ஒக்கார வெச்சு, நாச்சி அங்கிள், உங்களுக்கு இப்ப என்ன தோணுதுன்னு கேட்டுது. எனக்குச் சக்கர ஏறிரும்னு சொன்னேன். அது இல்ல அங்கிள், மனசுல என்ன தோணுதுன்னு மறுபடியும் கேட்டுது. மனசுல ஒண்ணும் தோணல, எனக்குச் சக்கர, கேக்கு ஆகாதுன்னேன். அந்தப் பொண்ணு எதையோ எதிர்பாத்து என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்துது. என்னத்த எதிர்பாத்துதோ, இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலீங்க. எந்திரிச்சுப் போய்க் கொழாயில வாயக் கொப்பளிச்சேன். கொப்பளிச்சுக்கிட்டு இருக்கறப்பவே வாந்தி வந்துருச்சு. தனியா ஒரு ஓரத்துல குத்தவெச்சு ஒக்காந்துக்கிட்டேன். அங்க ஒரு டேபிள் இருந்துருந்தா அதுக்கடியில போய் ஒக்காந்திருப்பேன், அவ்வளவு அவமானமா இருந்துது.

இதோட முடிஞ்சுதுன்னு நெனக்கறீங்களா? ராத்திரி போனப் பாத்தா, பயிற்சி குரூப்புல அந்தப் போட்டோ. காயிதக் குல்லாவோட நானு. வாயெல்லாம் கிரீமு ஒழுகுது. பின்னால இருந்து ஒரு கை தாடையப் புடிச்சிருக்குது. கீழ கைதட்டற படம் போட்டு ஆளாளுக்கு அனுப்பியிருக்காங்க. என்ற மருமவனுக்கு அது எப்படிப் போச்சோ, போன் பண்ணிச் சிரிக்கறாரு, மாமா ஏற்காட்டுல ஆருக்குங்க பொறந்தநாளுன்னு. நான் வைஷாலியக் கூப்பிட்டு, அத எடுத்துரு கண்ணுன்னேன். ரொம்ப ஆழமான தருணம் அங்கிள், நாலு பேருக்குப் பாடமா இருக்குமுங்குது. என்ற மூஞ்சிங்க அது. என்னைய ஒரு வார்த்த கேக்காம, நாலு பேருக்குக் காட்டறதுக்கு இவங்க ஆருங்க? ஆருக்கோ பாடம் சொல்றதுக்கும், ஆரோ சந்தோசப்படறதுக்கும் என்ற மூஞ்சிதானா கெடச்சுது? சீ.

இப்படித்தானுங்க இந்தச் சர்டிபிகேட்டு வந்துது. மாட்டிப்போட்டுச் செயலாளரம்மா கேட்டாங்க, ஏதாச்சும் பிரயோசனம் இருந்துதான்னு. வேன் எப்.சி. பத்தி ஒரு வார்த்த சொல்லலீங்கன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் என்ற சம்சாரம் ஆசையாக் கொள்ளுப் பருப்புக் கடைஞ்சு வெச்சிருந்துது. எதுக்க ஒக்காந்து, ஏற்காடு எப்படீன்னு கேட்டுக்கிட்டே நான் உண்ணறதையே பாத்துக்கிட்டிருந்துது. எனக்குத் தொண்டையில எறங்கலீங்க. நீ உள்ள போய் டி.வி. பாருன்னு அனுப்பிச்சுட்டு, சமையல்கட்டுக்குப் போய்ச் செவுத்தப் பாத்து நின்னுக்கிட்டு உண்டேன். இன்னமும் அப்படித்தான் நடக்குது. ஆராச்சும் பாத்துக்கிட்டிருந்தா சோறு உள்ள போறதில்ல. அது கேஸ் டிரபிளாத்தான் இருக்கோணும். ஒரு நாள் டாக்டரப் பாக்கோணும்.

இந்த அம்மா கதைக்கு வர்றேன். நான் ஏற்காட்டுல இருந்தப்பவும் இங்க வேல நடந்துக்கிட்டுத்தான் இருந்துது. விசேசத்துக்கு வந்தவங்க கேக்கு ஊட்டறப்ப, சரசு வழக்கம்போலப் பூவிகா தாடையப் புடிச்சுக்கிட்டு நின்னிருக்கறா, நான் நிறுத்தச் சொல்லிட்டுப் போகலீங்க. அதுக்கப்பறம் பூவிகா கேக்குன்னு இல்லீங்க, சோத்துக்கும் வாயத் தொறக்கறத நிறுத்திப்போடுச்சு. இங்க மட்டுமில்ல, வீட்லயும். அவங்கம்மா மடியில போட்டு ஊட்டுனாலும் வாய இறுக்கிக்குதாம். தொண்டையில ஒண்ணுமில்ல, பல்லுல ஒண்ணுமில்லன்னு டாக்டருங்க சொல்லிட்டாங்களாம். தண்ணியும் பாலும் எப்பவாச்சும் தானாக் குடிக்குதாம், அவ்வளவுதான். இப்படியே போனா புள்ள தாங்காது, இங்க கூட்டிட்டு வந்தா இன்னும் மோசமாகுது, டி.சி. குடுங்கன்னு வந்து நிக்குது. அதுக்கு நாங்க என்னங்க பண்றது? நாங்க பட்டினியா போட்டோம்? வேண்டாம் வேண்டாம்ங்கற அளவுக்கு ஊட்டித்தானுங்க உட்டிருக்கறோம்.

ஒரு பேச்சுக்குச் சொல்றேன், எனக்கும் வெசனமாத்தான் இருக்குது. காலண்டர்ல இருக்கற மூஞ்சிக்கும் இப்ப இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா ஒரு புள்ளைக்காகப் பள்ளிக்கூடத்த நிறுத்த முடியுமுங்களா? நீங்க கவலப்படாதீங்க, உங்க பாப்பா பொறந்தநாளுக்கு ஒரு கொறையும் இருக்காது. இந்தப் பொண்ணு இல்லீன்னா ரித்விகான்னு இன்னொண்ணு இருக்குது. நல்லாச் சிரிக்கும், பல்லு வரிசையா இருக்கும், போட்டோவுக்கு...

தம்பி. அங்க பாருங்க. ஜன்னல் வழியா, பெஞ்சுல.

அந்தம்மா டப்பாவத் தொறந்து பெஞ்சு மேல வெச்சுட்டு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சு பாருங்க. வேப்பமரத்தப் பாக்கற மாதிரி. ஊட்டல. சாப்பிடுன்னு ஒரு வார்த்த சொல்லல. அந்தப் பொண்ணு டப்பாவயே பாக்குது. கைய நீட்டுது. எடுத்துருச்சுங்க. தயிர்ச்சோறு, தானே எடுத்து...

பாக்காதீங்க. தம்பி, திரும்பிக்கங்க, பாக்காதீங்கன்னா. நம்ம பாக்கறது தெரிஞ்சா நிறுத்திரும். அந்த ஜன்னலச் சாத்துங்க. மெதுவா, சத்தம் வராம. வேகட்டும் பரவால்ல, சாத்துங்க. சரசு டீய எடுத்துக்கிட்டு அந்த வழியாத்தான் வருவா, இருங்க, நான் பின்பக்கமாப் போய் நிறுத்திட்டு வந்தர்றேன். டீ ஆறிப்போனா வேற போட்டுக்கலாமுங்க.

டி.சி.யா? அது எங்க போகுதுங்க. மொதல்ல அந்தப் புள்ள சாப்பிட்டு முடிக்கட்டும்.